துச்சாதனன் ஏற்றும் கற்பூரம்

திருவள்ளூர் மாவட்டத்தில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில், திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்கள் உட்பட, வெயில் காலத்தில் அக்னி வசந்த விழா நடக்கிறது. பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பத்து நாளோ பதினெட்டு நாளோ ஊரின் வசதிக்கேற்ப நீளும். கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. இந்த வரிசையில் ஓர் இரவு துகிலுரிதல். துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியின் சேலைத் தலைப்பைப் பற்றவேண்டிய இடம் வரும்போது ஆட்டம் நிற்கும். பல ஊர்களில் அப்போது கற்பூரம் ஏற்றுவார்கள். அதுவரை ஆடுகளமான களரியை அதிர வைத்தவர் கைகூப்பி நின்று, இப்போது செய்யப்போவதைப் பொறுத்துக்கொள்ளும்படி அம்மனிடம் கேட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் அவர் கை சேலைக்குப் போகும்.

அவர் கேட்கும் மன்னிப்பு எந்தக் குற்றத்துக்கு? எதிரே நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆண்; அதே ஜமாவை, அதாவது கூத்துக் குழுவைச் சேர்ந்தவர்; விடிந்ததும் ஒரே கடையில் சேர்ந்து டீ குடிக்கப் போகிறவர். இழுக்கப்படுவது வேடத்துக்காகச் சுற்றிய சேலை. எந்தப் பெண்ணுக்கும் அங்கே மானபங்கம் நேரவில்லை. வாத்தியாரிடம் கற்ற அடவையும் பாட்டையும் கூலிக்கு ஆடிக் காட்டும் ஒரு கலைஞர் அவர். நடிப்புக்கு மன்னிப்புக் கேட்பது அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தக் கற்பூரத்துக்குள் மேடையைப் பற்றிய ஒரு தெளிவான சிந்தனை இருக்கிறது என்பது என் வாதம். பார்ப்பவர் கண் முன்னால் உடம்பால் செய்யப்படும் எதுவும் வெறும் பாவனையாக முடிவதில்லை. அதில் ஒரு பங்கு செயலாகவே நின்றுவிடுகிறது. அந்தச் செயலின் பொறுப்பு ஆடியவரோடு நிற்காமல் பார்த்தவரிடமும் வந்து சேர்கிறது. கற்பூரம் இந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறது.

முதல் மறுப்பு அறிவாளிகளிடமிருந்து வரும். பழமையான மறுப்பும் அதுதான். நடிப்பது வேறு, செய்வது வேறு. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி தீதரோ, சிறந்த நடிகர் எதையும் உணராமல் எல்லாவற்றையும் காட்டத் தெரிந்தவர் என்று வாதிட்டார். அழுகிறவர் போல் தெரிபவர் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார் என்பது அவர் கட்சி. அவருக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு முன்பே, காஷ்மீரத்து அபிநவகுப்தர் பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில் வேறொரு வழியாக இதற்கு அருகில் வருகிறார். மேடையில் எழும் கோபமோ அச்சமோ நடிகருக்கும் சொந்தமில்லை, கதைமாந்தருக்கும் சொந்தமில்லை, பார்ப்பவருக்கும் தனிப்பட்டுச் சொந்தமில்லை, அது ஆளிடமிருந்து கழன்று பொதுவாகிவிடுகிறது, பொதுவானதால்தான் சுவையாகிறது. இந்த இருவர் சொல்வதையும் ஏற்றுக்கொண்டால் துச்சாதன வேடக்காரர் தன் கணக்கில் எதையும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. கோபம் அவருடையதல்ல, குற்றமும் அவருடையதல்ல.

இருவரும் பேசுவது உணர்ச்சியைப் பற்றி. கற்பூரம் ஏற்றுபவரை உறுத்துவது உணர்ச்சியல்ல, கை. கோபம் பொய்யாக இருக்கலாம். சேலையைப் பற்றும் விரல் பொய்யல்ல. அந்த இழுப்பு நிஜமான இழுப்பு, அந்தச் சிரிப்பொலி நிஜமான ஒலி, அதைக் கேட்டுச் சுருங்கும் முகங்கள் நிஜ முகங்கள். பாவனையின் பொருளைப் பொதுவாக்கிவிடலாம். உடம்பின் அசைவைப் பொதுவாக்க முடியாது. இன்ன இரவில், இன்ன நேரத்தில், இன்னார் செய்தது என்று அது ஓர் ஆளோடு ஒட்டியே நிற்கிறது. சுவைக் கோட்பாடு விளக்காமல் விட்ட இந்த மிச்சத்துக்குத்தான் கூத்து ஒரு சடங்கை வைத்திருக்கிறது.

திரையோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் ஓடியபோது நாடே துகிலுரிதலைப் பார்த்தது. அந்தக் காட்சி ஒளிபரப்பான நேரத்தில் அதில் நடித்தவர் யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை; செய்து முடித்து, வெட்டி ஒட்டி, பல நாள் ஆகியிருந்தது. திரையில் ஓடுவதை நிறுத்த நடிகராலும் முடியாது, பார்ப்பவராலும் முடியாது. களரியில் நிலைமை வேறு. சேலைக்கும் கைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு அங்குலத்திலும் அந்தக் கை நின்றுவிடலாம். அதை நகர்த்துவது அவர் ஒருவர்தான். நகர்த்தாமல் இருக்கவும் அவரால் முடியும். நிறுத்த முடிந்தும் நிறுத்தாமல் செய்தது எதுவோ அதைத்தான் உலகத்து நீதி முறைகள் எல்லாம் செயல் என்கின்றன. நேரில் ஆடுவதன் தனித்தன்மை இங்கே இருக்கிறது. நேர்முகம், உயிர்ப்பு, கைத்தட்டல் என்று நாம் வழக்கமாகச் சொல்வதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான். நேரில் ஆடுபவர் ஒவ்வொரு கணமும் தன் ஆட்டத்துக்குச் சம்மதம் கொடுத்துக்கொண்டே ஆடுகிறார். அந்தச் சம்மதத்தின் கனத்தை உணர்ந்தவர் கற்பூரம் ஏற்றுவதில் வியப்பில்லை.

மேடையில் நடப்பது செயல்தான் என்ற எண்ணம் துகிலுரிதலுக்கு மட்டும் உரியதும் அல்ல. வட மாவட்டங்களில் ஒருவர் இறந்து காரியம் நடக்கும்போது கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. துக்க வீட்டாரின் பொழுதைப் போக்குவது அதன் நோக்கமல்ல. கர்ணன் தன் புண்ணியத்தை எல்லாம் தாரை வார்த்துக் கொடுத்து மோட்சம் அடைவதை ஆடினால், போன உயிருக்கு அது உதவும் என்பது நம்பிக்கை. சிலப்பதிகாரத்தில் மாதரியும் ஆய்ச்சியரும் குரவை ஆடுவது மதுரை ஆயர்பாடியில் கண்ட கெட்ட நிமித்தங்கள் நீங்குவதற்காக. பரதரின் நாட்டிய சாஸ்திரம் தன் முதல் அத்தியாயத்திலேயே இன்னும் கூர்மையான ஒரு கதை சொல்கிறது. உலகின் முதல் நாடகம் தேவர்கள் அசுரர்களை வென்ற கதை. அதைப் பார்த்திருந்த அசுரர்களுக்கு அது கதையாகப் படவில்லை, அவமதிப்பாகப் பட்டது. விக்கினங்களை ஏவி நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் முடக்கினார்கள். இந்திரன் கொடிக்கம்பால் அடித்துத் துரத்த வேண்டியிருந்தது. பின்னர் பிரமன் அசுரர்களிடம், இந்தக் கலை ஒரு கட்சிக்கு உரியதல்ல, மூவுலக நடப்பும் இதில் வரும் என்று சமாதானம் சொன்னார். நாடகக் கலையின் மூல நூல் தன் கலையின் பிறப்பை ஒரு வழக்கோடு தொடங்குகிறது என்பது கவனிக்க வேண்டியது. பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் அதைத் தங்கள்மேல் செய்யப்பட்ட செயலாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டது தவறு என்று பிரமன் சொல்லவில்லை, எல்லோருக்கும் இடம் உண்டு என்றுதான் சொன்னார்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து, பக்தர்களிடமிருந்து வரும். கூத்தில் ஆடுவது மனிதர் இல்லை. வேடத்தில் சாமி இறங்குகிறது, ஆவேசம் வருகிறது. அப்போது செய்வதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? தஞ்சை மாவட்டத்து மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் வேடம் புனைபவர் விரதம் இருக்கிறார், முகமூடியே பூசைக்குரியது, உக்கிரம் மிகும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அவரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். திரௌபதியம்மன் விழாக் கூத்துகளிலும் வேடக்காரரோ பார்ப்பவரோ ஆவேசம் கொள்வது அரிதல்ல. ஆனால் இதே எடுத்துக்காட்டுகள் மறுப்புக்கு எதிராகவும் பேசுகின்றன. பொறுப்பு முழுவதும் சாமியுடையது என்று மரபு நம்பியிருந்தால் பிடித்து நிறுத்த ஆட்களை நிறுத்தியிருக்காது. ஆவேசம் வரலாம், ஆனால் அது எல்லை மீறினால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்யும் ஏற்பாடு அது. துகிலுரிதலில் கற்பூரம் ஏற்றும் நேரத்தையும் பாருங்கள். ஆவேசம் தணிந்த பிறகு, என்னை அறியாமல் செய்துவிட்டேன் என்று கேட்கும் மன்னிப்பல்ல அது. செய்வதற்கு முன்னால், தெளிந்த மனத்தோடு, செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்பது. அறியாமல் செய்தேன் என்ற வாசலை அவர் தாமே அடைத்துவிடுகிறார்.

ஆடுபவரின் பங்கு இதுவரை. பார்ப்பவருக்கு இதில் என்ன பங்கு என்பதுதான் கடினமான கேள்வி. நம் தத்துவ மரபில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விடை இருக்கிறது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, பிரகிருதியை, அதாவது இயற்கையை, ஒரு நாட்டியக்காரிக்கு ஒப்பிடுகிறது. அவள் அவையின் முன் தன்னைக் காட்டிவிட்டு ஆட்டத்தை முடித்துக்கொள்கிறாள். புருஷன், அதாவது ஆன்மா, ஓரமாக இருந்து பார்க்கும் பார்வையாளன். அவன் எதையும் செய்வதில்லை, எதுவும் அவன்மேல் ஒட்டுவதில்லை. பார்த்துத் தெளிந்ததும் விடுபடுகிறான். சாட்சி என்பவன் பற்றற்றவன் என்ற இந்தக் கருத்து வேதாந்தம் வழியாகவும் பரவி, இன்று ஆன்மிகச் சொற்பொழிவுகளில் எல்லாம் கேட்கிறது. வாழ்க்கையை ஒரு நாடகமாகப் பார், ஒட்டாமல் பார் என்ற அறிவுரைக்கு வேர் இங்கேதான். அகத்தைப் பற்றிய உபதேசமாக அது உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அது எடுத்துக்கொண்ட உவமையின் உண்மையை மட்டும் சோதித்தால், அவையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் ஒட்டுவதில்லை என்பது சரிதானா?

திருவள்ளூர் மண்ணிலேயே இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. திருவாலங்காட்டை ஒட்டியது பழையனூர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட நீலி, பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்த அந்தக் கணவனைத் தேடி அங்கே வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கைவிடப்பட்ட மனைவியாக ஊரவைமுன் கண்ணீர் விடுகிறாள். வணிகன் அலறுகிறான், இவள் பேய் என்கிறான். அவையில் இருந்த வேளாளர் 70 பேரும் பார்த்ததை நம்பினார்கள். அவனை அவளோடு ஒரு வீட்டில் தங்கச் சொன்னார்கள். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்றார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடந்தான். 70 பேரும் தீப்பாய்ந்தார்கள். திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சத்தைக் குறிப்பிடும் அளவுக்குப் பழைய கதை இது. அவர்கள் தீப்பாய்ந்ததன் நினைவாக ஒரு மண்டபமும் அங்கே உண்டு.

இதை வாக்குத் தவறாமையின் கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வோம். அதைவிட, பார்வையாளர் பொறுப்பின் கதையாக இதைப் படிக்கலாம். நீலி அந்த அவைமுன் நடித்தாள். மிக நன்றாக நடித்தாள். அவையோர் கொலை செய்யவில்லை, கொலைக்கு உடந்தையாகவும் இல்லை. அவர்கள் செய்தது பார்த்தது, நம்பியது, நம்பியதன்மேல் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லிக் கலைந்து போக எல்லா நியாயமும் அவர்களுக்கு இருந்தது. பார்த்தோம், அதனால் எங்களுக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் நின்றார்கள். அவர்கள் நாடகம் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்தவர்கள். கூத்துப் பார்ப்பவரோ தெரிந்தே பார்க்கிறார், இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஒன்றாகாதுதான். தெரியாமல் பார்த்தவர்களே இத்தனை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், தெரிந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்வது இன்னும் கடினமாகிறது. தீப்பாய்வது போன்ற விலையை இன்று யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் கூடாது. அளவு வேறு, அடிப்படை ஒன்று.

அதே தலத்தில் சைவம் காட்டும் இன்னொரு பார்வையாளர் காரைக்கால் அம்மையார். சிவன் ஆடும் ஐந்து சபைகளில் திருவாலங்காடு இரத்தின சபை. சிதம்பரத்தில் பொன்னம்பலத்தில் ஆடுபவர் இங்கே சுடுகாட்டில், பேய்க்கூட்டத்தின் நடுவே ஆடுகிறார். அந்த ஆட்டத்தைப் பார்க்க அம்மையார் கொடுத்த விலை தம் உடம்பின் அழகும் தசையும். பேயுருவைக் கேட்டுப் பெற்று, தலையால் நடந்து கயிலை ஏறி, ஆடும்போது அடியின்கீழ் இருக்க வேண்டும் என்று வரம் கேட்டார் என்கிறது பெரிய புராணம். அந்த மண்ணில் கால் வைக்கச் சம்பந்தர் தயங்கினார் என்பதும் அதே நூல் சொல்வதுதான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அம்மையார் எப்படி இருக்கிறார் என்று பார்த்தால் சாங்கியப் புருஷனுக்கும் அவருக்கும் உள்ள தூரம் தெரியும். எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, கையில் தாளம் வைத்திருக்கிறார். அவர் ஓரமாக இருந்து பார்ப்பவர் இல்லை. ஆடுபவரின் காலுக்கு அவர் கை கணக்குச் சொல்கிறது. இறைவனின் ஆட்டத்துக்கே சாட்சி தாளம் போட வேண்டியிருக்கிறது என்றால், மனிதர் ஆட்டத்தில் சாட்சி சும்மா இருப்பது எப்படி?

அதே தலத்துக் காளி கதையையும் இங்கே தவிர்க்க முடியாது. சிவனும் காளியும் போட்டியிட்டு ஆட, சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கினார். காளி நாணி ஒதுங்கித் தோற்றாள் என்கிறது தலபுராணம். பெண்ணின் கூச்சத்தைக் காட்டி வென்ற வெற்றி என்ன வெற்றி என்று இன்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் சமாதானம் தேடப்போவதில்லை. ஆனால் கதை தன்னை அறியாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறது. காளிக்கு அந்த அடவு ஆடத் தெரியாமல் இல்லை. யாரும் இல்லாத காட்டில் அவள் அதை ஆடியிருப்பாள். அவையின் கண்கள் அந்த அடவை வேறொரு செயலாக்கிவிட்டன. அந்தத் தோல்வியில் பார்த்தவர்களுக்கும் பங்கு உண்டு.

இப்போது துகிலுரிதலுக்குத் திரும்பினால், அந்தப் பகுதியை வியாசர் எதைப் பற்றி எழுதினார் என்பது புதிதாகத் தெரிகிறது. இழுத்தவன் ஒருவன். ஆனால் திரௌபதி அந்தச் சபையில் கேட்ட கேள்வி இழுத்தவனிடம் கேட்டதல்ல. தன்னையே தோற்றவர் என்னை எப்படிப் பணயம் வைக்க முடியும் என்று அவள் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டாள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று நழுவினார். துரோணர் பேசவில்லை. விதுரர் கண்டித்தார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் எழுந்து இது அநியாயம் என்றான். அவனைக் கர்ணன் அடக்கினான். பாரதக் கதையின் மையமான இந்தக் குற்றம் பார்வையாளர்களின் குற்றம். குருக்ஷேத்திரத்தில் சாய்ந்த பெரியவர்கள் பலர் அந்தச் சபையில் சும்மா இருந்தவர்கள்தாம். கூத்தில் இந்தச் சபைக்கென்று தனியாக நடிகர்களை நிரப்பி உட்கார வைப்பதில்லை. களரியில் நாலைந்து வேடங்கள் நிற்கும். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரன் சபையோருக்கு வந்தனம் சொல்லிப் பேசுவது மூன்று பக்கமும் உட்கார்ந்திருக்கும் ஊரைப் பார்த்து. திரௌபதி முறையிடும்போதும் அதே ஊரைப் பார்த்துத்தான் முறையிடுகிறாள். அத்தினாபுரத்துச் சபையின் இடத்தில் அந்த இரவு முழுவதும் ஊர் உட்கார்ந்திருக்கிறது. கற்பூரம் ஏற்றும்போது வேடக்காரர் மட்டும் கும்பிடுவதில்லை, கூட்டமும் கும்பிடுகிறது என்பதன் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் பார்ப்பவர்கள் எழுந்து ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா என்ற கேள்வி வரும். நிறுத்தாமல் பார்ப்பதால் பீஷ்மரின் குற்றம் இவர்கள்மேலும் வந்துவிடுகிறதா? இல்லை, அதற்குக் காரணம் விழாவின் அமைப்பிலேயே இருக்கிறது. துகிலுரிதல் தனித்து நிற்பதில்லை. அவிழ்ந்த கூந்தலைத் துரியோதனன் ரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்று அன்று சபதம் எழுகிறது. கடைசி நாள் காலையில், மண்ணால் பெரிதாக வடித்துப் படுக்க வைத்த துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்பட்டுத் திரௌபதி கூந்தல் முடிகிறாள். அன்று மாலை காப்புக் கட்டியவர்கள் தீ மிதிக்கிறார்கள். பார்த்த ஊர் தன் உடம்போடு நெருப்பில் இறங்கும்வரை கணக்கு முடிவதில்லை. அநியாயத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுபவர்தான் பீஷ்மருக்குப் பக்கத்தில் நிற்கிறார். பார்த்ததன் முடிவுவரை கூட இருப்பவர் சாட்சியின் கடமையைச் செய்கிறார்.

இங்கே இன்றைய காலம் ஒரு தடையோடு வருகிறது. முடிவுவரை கூட இருக்க யாருக்கு முடிகிறது? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளிலும் கம்பி இழுக்கும் ஆலைகளிலும் ஷிப்ட் முறையில் வேலை செய்பவருக்கு விடிய விடிய உட்காருவது என்பது ஒரு நாள் கூலி. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்தில் பன்னிரண்டுக்கு எழுந்து போகிறவர் அலட்சியத்தால் போவதில்லை. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் நிற்காது. கோயில்முன் மூன்று மணிக்குப் பாதிப் பேர் உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதும் புதிதல்ல. சாட்சிக்குத் தலைக்கணக்கு உண்டென்று வைத்தால் பல இரவுகள் சாட்சியின்றிப் போயிருக்கும். ஆனால் கூத்தின் கணக்கு ஊரின் கணக்கு. ஒருவர் உறங்கும்போது இன்னொருவர் விழித்திருக்கிறார்; ஒருவர் பாதியில் போனாலும் அவர் வீட்டிலிருந்து ஒருவர் தீமிதிக்கு வருகிறார். பழையனூரில் 70 பேர் சேர்ந்து பிணை நின்றதுபோல், சாட்சியும் கூட்டாகச் சுமக்கும் சுமை. வேலை நேரம் அந்தச் சுமையைக் குறைவான தோள்களில் ஏற்றிவிடுகிறது என்பதுதான் வருத்தம். விழாக் குழுக்கள் கூத்து இரவுகளைக் குறைக்கும்போது குறைவது பொழுதுபோக்கு மட்டுமில்லை என்பதை அவர்களும் யோசிக்க வேண்டும்.

சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தெருமுனையில் நின்று கூத்துப் பார்த்தால் அவரும் சாட்சியா? விருத்தமும் வசனமும் அவருக்குப் புரியாது. ஆனால் ஒரு பெண்ணின் சேலையைச் சபை நடுவே ஒருவன் பற்றப்போகிறான் என்பது அவருக்குத் தமிழ் இல்லாமலே தெரியும். கதை அவர் ஊரிலும் உண்டு. மொழி தெரியாதது பார்த்ததை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை. கையும் சேலையும் கற்பூரமும் எந்த மொழியிலும் அவையேதான். வெளியூர்க்காரர் என்று அவரை ஓரத்தில் நிற்க வைக்கும் ஊர், தன் சாட்சிகளில் ஒருவரைத் தானே குறைத்துக்கொள்கிறது.

கைப்பேசியின் கதை வேறு. இப்போது முழு இரவுக் கூத்துகள் யூடியூபில் கிடைக்கின்றன; எங்கிருந்தும் பார்க்கலாம். கலையைக் காக்கவும், ஜமாக்களுக்குப் பெயர் கிடைக்கவும் அது உதவுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிவைப் பார்ப்பவரிடம் இல்லாத ஒன்று களரிமுன் இருப்பவரிடம் இருக்கிறது. பதிவில் விரலை வைத்து நிறுத்தினால் படம் நிற்கும், நடந்தது நிற்காது. களரியில் பார்ப்பவரின் முகம் ஆடுபவரின் கண்ணில் படுகிறது. அவர் மௌனமும் முணுமுணுப்பும் அந்தக் கையின் வேகத்தை மாற்றக்கூடியவை. மாற்றக்கூடிய இடத்தில் இருப்பவருக்குத்தான் பொறுப்பு. பதிவைப் பார்ப்பவர் அறிகிறார்; நேரில் பார்ப்பவர் பங்கெடுக்கிறார்.

கடைசி மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. இத்தனை நூற்றாண்டாகத் திரௌபதிமுன் கற்பூரம் ஏற்றிய ஊர்கள் நீதியான ஊர்களாகிவிட்டனவா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வருவதைச் சாதி இந்துக்கள் தடுத்து, பிரச்சினை முற்றி, 2023 ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்கே சீல் வைத்தது. சபையில் அவமானப்பட்டு நீதி கேட்டவளின் வாசலிலேயே இது நடந்தது. திரௌபதி வேடத்தை நெடுங்காலம் ஆண்களே கட்டினார்கள். பெண்கள் கூத்தாட வந்தது அண்மைக் காலத்தில்தான். இரவெல்லாம் ராஜாவாக நின்றவரைக் காலையில் கூத்தாடி என்று இளக்காரமாகப் பேசும் வாய்களும் அதே ஊரில்தான் இருக்கின்றன. சாட்சியின் பொறுப்பு என்று பேசுவதெல்லாம் ஓர் இரவோடு கரைந்துபோகும் கற்பூரம்தானே என்று ஒருவர் கேட்டால் கோபப்பட முடியாது.

இந்த மறுப்பு சுட்டும் உண்மைகள் அத்தனையும் சரி. ஆனால் அவை என் வாதத்தை உடைக்கவில்லை. அதன் விளிம்பைக் காட்டுகின்றன. மேடை மனிதரைத் திருத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களுக்குத்தான் மேல்பாதி பதில் சொல்ல முடியாத கேள்வி. மேடை செய்வது கடன் எழுதுவது. கடன் எழுதினால் அடைபட்டுவிடும் என்பதில்லை. ஆனால் எழுதிய பிறகு வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. சபையில் திரௌபதி கேட்ட கேள்வியை ஆண்டுதோறும் தன் காதால் கேட்டு, அதற்குக் கைகூப்பிய ஓர் ஊர், தன் தெருவில் வேறொருவரைத் தடுக்கும்போது எங்களுக்குத் தெரியாது என்ற சாக்கை இழந்துவிடுகிறது. தடுத்தவர்களை நோக்கி, நீங்கள் எந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியவர்களுக்கு அந்தக் கூத்தைவிட வலுவான ஆவணம் கிடைக்காது. கோயிலுக்குள் நுழையும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அந்த வேலையைக் கூத்து செய்ய முடியாது, செய்ய வேண்டியதும் இல்லை. ஊர் தன் வாயால் ஒப்புக்கொண்டதை நினைவூட்டும் வேலை அதனுடையது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவும் வருகிறது. தெருக்கூத்தைக் காக்கிறோம் என்று அதை நகரத்து அரங்குகளுக்கு அழைத்து, ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி, ஒளியமைப்போடு மேடையேற்றுவது நடக்கிறது. கலைஞர்களுக்குக் கூலியும் மதிப்பும் கிடைக்கும் எந்த ஏற்பாட்டையும் எதிர்க்க நமக்கு உரிமையில்லை. ஆனால் நேரம் போதவில்லை என்று எதை வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். தெருக்கூத்தை எல்லோருக்கும் பொதுவான கலையாக்க வேண்டும், சடங்கைக் கழற்றிவிடலாம் என்று வாதிடுபவர்கள் முதலில் கைவைப்பது இந்த நிறுத்தத்தில்தான்; ஆட்டத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்பார்கள். அது கெடுக்கத்தான் வைக்கப்பட்டது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அதை ஏற்கலாம்: கற்பூரத்துக்குப் பதில் வேறொன்றை வைக்கட்டும், நிறுத்தத்தை மட்டும் எடுக்க வேண்டாம். தன் கை அடுத்துச் செய்யப்போவது என்ன என்று ஆடுபவரும், தம் கண் எதற்கு உடன்படப்போகிறது என்று பார்ப்பவரும் ஒன்றாகத் தெரிந்துகொள்ளும் இடம் ஓர் இரவில் அது ஒன்றுதான். அதை இழந்த துகிலுரிதலில் அடவும் பாட்டும் கச்சிதமாக இருக்கலாம். அதைப் பார்த்தவர் யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது.